டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் செலவு? கடலூர் முதுநகரில் ஒரு பக்கவாத வீடு

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் வரைக்கும் அரசாங்கம் கூடவே இருக்கிறது. 108 வண்டி வருகிறது, ஸ்கேன் எடுக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், வேளைக்குப் பாலும் ரொட்டியும் கூட வந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டால் அதோடு சரி, அதற்கப்புறம் ஆகிற செலவெல்லாம் வீட்டுக்காரர் தலையில். இதைப் பொதுவாகச் சொல்லிப் புலம்பிவிட்டுப் போகலாம். ஆனால் எந்த மாதத்தில், எந்தத் தாளுக்காக, எவ்வளவு பணம் நின்றது என்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும். அதற்காகத்தான் இந்த ஆய்வு. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பது, ஆபீஸுக்குக் கூடப் போவது என்ற வகையில் எனக்கு இந்த வீட்டோடு பழக்கம்.

அம்மாவுக்கு வயது 66. முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் தெருத்தெருவாக மீன் விற்றவர். கணவர் இறந்த பிறகு கிடைத்த ஆதரவற்ற விதவை உதவித்தொகை, 2023 ஆகஸ்ட் முதல் மாதம் ரூ.1,200. மகன் விசைப்படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர், மருமகள் இறால் உரிக்கும் கொட்டகையில் நாள்கூலிக்கு இருந்தவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும், மாத்திரையும் வீட்டில் இருந்தது. போட்டால் மயக்கம் வருகிறது, கூடை தூக்க முடியவில்லை என்று நினைத்த நாளில் போடுவார், நினைத்த நாளில் விடுவார்.

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு விடியற்காலை வலது கை கால் இரண்டும் விழுந்துவிட்டன, வாய் கோணி பேச்சும் போனது. வாயு பிடித்திருக்கிறது என்று எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது தாண்டிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கட்டிலில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடும் சிறுநீர்க் குழாயோடும் வீட்டுக்கு வந்தார். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'நூறு'. தண்ணீர் வேண்டுமென்றாலும் நூறு, வலிக்கிறது என்றாலும் நூறு, பேரனைக் கூப்பிடுவதும் நூறு. காலமெல்லாம் விலை சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. இடது பக்க மூளை அடிபட்டவர்களுக்குப் பேச்சு இப்படி ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுபோவது உண்டு. கொஞ்ச நாளில் எந்த 'நூறு'க்கு என்ன அர்த்தம் என்று மருமகளுக்குப் பிடிபட்டுவிட்டது, மற்ற யாருக்கும் பிடிபடவில்லை. மாற்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தடைக்காலம் முடிந்த மறுநாள்

இந்த வீட்டில் எல்லாம் தலைகீழான தேதி எதுவென்று கேட்டால் நான் ஜூன் 15 என்றுதான் சொல்வேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அம்மா விழுந்தது அந்தத் தடைக்காலத்துக்குள். கையில் வருமானம் இல்லை, ஆனால் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு பேர் சேர்ந்து திருப்பிப் படுக்க வைத்தார்கள், தூக்கி உட்கார வைத்தார்கள், துடைத்துவிட்டார்கள். முதுகில் ஒரு கீறல் கிடையாது. ஜூன் 15 அன்று படகு கிளம்பியது, மகன் போனார். போனால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். வந்ததும் ஒரு நாள் கரையில் தூங்குவார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்னு சொல்லி அனுப்பினாங்க அக்கா. அத்தை நல்ல கனம், ஒத்த ஆளா எப்படித் திருப்புறது? பகல்ல எதிர்வீட்டு அண்ணி வருவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைப் போய் எழுப்புறது?" என்றார் மருமகள்.

ஜூலை முதல் வாரத்தில் இடுப்பெலும்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது, ஜூலை கடைசியில் அது குழியாகிவிட்டது. காய்ச்சல் வந்து திரும்பவும் ஆஸ்பத்திரி, அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் கட்டில். டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர், ஆன்டிபயாடிக், எல்லாம் அரசு செலவு, வீட்டிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. ஆனால் அந்தப் புண்ணே வராமல் தடுத்திருக்கக்கூடிய காற்றுப்படுக்கை ரூ.3,000 சொச்சம், அதற்குப் பணம் தர எந்தத் தலைப்பும் இல்லை. கடைசியில் தெருக்காரர்கள் வசூல் செய்து வாங்கிக் கொடுத்தார்கள், புண் வந்த பிறகு.

இந்த வழக்கில் நான் சொல்ல வந்ததே இந்த முரண்தான். நம் ஊரில் மருத்துவத்துக்கு ஒதுக்கும் பணம் நோயாளியைப் பின்தொடர்ந்து வருவதில்லை, கட்டிலோடு நின்றுவிடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த வீட்டில் இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம். 2024 அக்டோபர் கடைசியில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் அட்டை என்று ஒன்றிய அரசு கொண்டுவந்ததும் ரூ.5 லட்சம்தான் (அம்மாவுக்கு அந்த வயது ஆகவில்லை). இரண்டுமே அடிப்படையில் உள்நோயாளிக்கானவை. ஆயுஷ்மானில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் வரைக்குமான செலவு சேரும், அதோடு முடிந்தது. பக்கவாதக்காரருக்கோ பதினாறாவது நாளில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

வீட்டுக் கணக்கு

செப்டம்பர் மாதத்துக்கு மருமகளோடு உட்கார்ந்து எழுதிய கணக்கு இது. டயப்பர் ரூ.3,000. புண்ணுக்குக் கட்டுத்துணி, மருந்து, கையுறை ரூ.1,200. குழாயில் ஊற்றும் கஞ்சிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் சத்துமாவுக்கும் ரூ.1,800. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த தனியார் பிசியோவுக்கு ஒரு தடவைக்கு ரூ.300, அந்த மாதம் எட்டுத் தடவைதான் முடிந்தது. எல்லாம் சேர்த்தால் ரூ.8,400. இதில் வராத பெரிய செலவு மருமகள் விட்ட கூலி. கொட்டகையில் அவருக்கு மாதம் ஏழாயிரத்துக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

வரவு? அம்மாவின் ரூ.1,200, மருமகளின் மகளிர் உரிமைத்தொகை ரூ.1,000, ஆக ரூ.2,200. உரிமைத்தொகை இந்த வேலைக்காக வருவதல்ல, மாமியார் நடமாடிக்கொண்டிருந்தாலும் வந்திருக்கும். இருந்தும் இத்தனை பாடுபடுகிறவர் பேரில் அரசிடமிருந்து வரும் ஒரே பணம் அது. விதவை உதவித்தொகையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தேசிய சமூக உதவித் திட்டத்தில் தில்லி தரும் பங்கு விதவைக்கு மாதம் ரூ.300, 60 முதல் 79 வயது முதியவருக்கு ரூ.200, பத்து வருடத்துக்கும் மேலாக அதே தொகை. மீதியை மாநிலம் போட்டுத்தான் ரூ.1,200 ஆகிறது. தில்லியின் 300 ரூபாயில் ஒரு வாரத்துக்கு டயப்பர் வராது.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கடலூரில் பகல் முழுக்க இருக்கும் ஆளுக்கு ஏஜென்சி கேட்ட தொகை மகனின் சராசரி மாத வருமானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆறு மாதத் தாள்

உதவித்தொகை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு, அதாவது பாதிப்பு 75 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு, மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை உண்டு. உயர் ஆதரவு தேவைப்படுகிறவரின் உதவியாளருக்கென்று தனியாக மாதம் ரூ.1,000 தரும் ஏற்பாடும் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பராமரிப்பவருக்கான படியைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது, 24ஆம் பிரிவில். ஆக கொள்கை அளவில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் சான்றிதழ் என்று ஒன்று நிற்கிறது.

நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்பைச் சான்றிதழுக்காக மதிப்பிடும்போது, சாதாரணமாக நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல். மருத்துவ ரீதியில் இதில் தப்பு சொல்ல முடியாது. பக்கவாதத்தில் முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் கை கால் வேகமாகத் தேறும், இன்றைக்கு எண்பது சதவீதம் என்று எழுதினால் நாளைக்கு ஐம்பதாக இருக்கலாம், நிரந்தர பாதிப்பு எவ்வளவு என்று தெரிய அவகாசம் வேண்டும். நியாயம். ஆனால் அதே காரணத்தால்தானே பிசியோ, படுக்கை, ஆள், சத்துணவு எல்லாம் அந்த ஆறு மாதத்தில் வேண்டியிருக்கிறது? நிரந்தர பாதிப்பை அளக்கும் தாளையே, தேறுகிற காலத்துக்கான பணத்துக்கும் சாவியாக வைத்திருப்பதுதான் கோளாறு. சரியான நேரத்தில் உதவி கிடைத்துத் தேறிவிட்டால் 75க்குக் கீழே போய்விடுவார், கிடைக்காமல் முடங்கினால் தகுதி வந்துவிடும். இதை எந்த அதிகாரியும் வேண்டுமென்றே எழுதி வைக்கவில்லை, ஆனால் நடப்பது இதுதான்.

அம்மாவுக்கு ஆறு மாதம் முடிந்தது அக்டோபர் கடைசியில். இணையத்தில் பதிந்து, போட்டோ ஏற்றி, டிசம்பர் தொடக்கத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் வடக்குப் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் நிவாரண வேலைக்குப் போய்விட்டார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஜனவரியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி வேனில் ஏற்றி, மருத்துவ போர்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். 78 சதவீதம் என்று எழுதினார்கள். பெருவிரல் ரேகைக்கு வலது கையை நீட்டச் சொன்னபோது அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு "நூறு" என்றார், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார்.

அப்புறம் இன்னொரு முடிச்சு. பராமரிப்பு உதவித்தொகை வேண்டுமென்றால் விதவை உதவித்தொகையை விட வேண்டும், இரண்டும் சேர்ந்து வராது. ஆக ரூ.2,000 என்பது கையில் நிஜமாக ரூ.800தான் கூடுதல். பழையதை நிறுத்திய தாளை வாங்கி, புதியதற்கு உத்தரவு வர மே மாதம் ஆகிவிட்டது. நோய் வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. நடுவில் இரண்டு மாதம் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

எது வேலை செய்தது

மக்களைத் தேடி மருத்துவம் வேலை செய்தது, அதை விட்டுவிட்டு எழுதினால் அநியாயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கியது. இந்த வீட்டைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம் அந்தத் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர், வாங்குவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கு வந்தது, வந்ததோடு இல்லாமல் எதிரில் நின்று போடவைத்தார். விழுவதற்கு முன்னால் விட்டுவிட்டுப் போட்ட மாத்திரை, விழுந்த பிறகு ஒரு வேளை தவறவில்லை. படுக்கைப் புண்ணை முதலில் பார்த்து, போனில் படம் எடுத்து நோய் ஆதரவு (பேலியேட்டிவ்) செவிலியருக்கு அனுப்பியதும் இவர்தான். அந்தச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தார்கள். கை கால் பயிற்சியைத் தாங்களே செய்துவிட்டுப் போகாமல் மருமகளுக்கும் பெரிய பேத்திக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதனால்தான் தோள் இறுகிப்போகாமல் இருக்கிறது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிக் கஞ்சி கொடுத்து விழுங்கப் பழக்கியதும் அந்தச் செவிலியர் சொன்னபடிதான்.

குறை என்னவென்றால் இந்தத் திட்டம் வீட்டுக்கு மருந்தும் அறிவுரையும் கொண்டுவருகிறது, கை கொண்டுவரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போக மீதி அத்தனை நேரமும் ஒரே பெண். மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கிக் கடனோடு வந்த 'உரிமைகள்' திட்டத்தில் முதலில் எடுத்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்கள், இந்த வீட்டையும் எழுதிக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களில் தெரபி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் படுத்திருப்பவரை அங்கே கொண்டுபோக திரும்பவும் அந்த நாலு பேரும் நாற்காலியும் வேண்டும்.

புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் இன்னொரு கதை. அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்டது பாகூர் பக்கம். அங்கே வேறு அரசு, வேறு துறை, ஓய்வூதியம் இங்கே இருப்பதைவிடக் கூடுதல். "அக்காவை இங்கே கொண்டாந்து வச்சிக்கிறேன்" என்று அவர் ஒரு தடவை சொன்னார், மனசார. முகவரி மாறினால் குடும்ப அட்டை மாற வேண்டும், இங்கத்திய காப்பீடு, மாத்திரை, தன்னார்வலர் எல்லாம் எல்லையோடு நின்றுவிடும், அங்கே குடியிருப்புச் சான்றுக்கு வருடக்கணக்கில் இருந்த ஆதாரம் கேட்பார்கள். அரை மணி நேர பஸ் தூரம்தான், ஆனால் தாள் கணக்கில் வேறு தேசம்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்

இந்தக் கட்டில் முரண் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துக் குழந்தை கேட்டி பெக்கெட் மூளை அழற்சியால் வென்டிலேட்டரோடு மூன்று வயது வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் போக முடியவில்லை, ஏனென்றால் மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் தரும், வீட்டுக்குத் தராது. ஆஸ்பத்திரியில் மாதம் 6,000 டாலர், வீட்டில் என்றால் 1,000 டாலர் என்று அதிபர் ரீகனே 1981 நவம்பரில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த வருடமே சட்டத்தில் இடம் கொடுத்து, மாநிலங்கள் வீட்டுப் பராமரிப்புக்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம் என்று ஆக்கினார்கள். 2013இல் நீண்டகாலப் பராமரிப்புக்கான மெடிக்கெய்ட் செலவில் பாதிக்கு மேல் வீடு, சமூகம் சார்ந்த சேவைக்குப் போனது. இன்னமும் அங்கே முதியோர் இல்லப் படுக்கை கட்டாய உரிமை, வீட்டுச் சேவையில் பெரும்பகுதி மாநிலத்தின் விருப்பம், லட்சக்கணக்கானோர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 2008லேயே நோய் ஆதரவுக்குத் தனிக் கொள்கை வகுத்து, வீட்டுக்குப் போகும் செவிலியரை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கினார்கள், பஞ்சாயத்து நிதியிலிருந்தே செலவு. படுத்த படுக்கையாக இருப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்கிறவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் ரூ.600. தொகை சின்னது, பாக்கி விழுந்து குடும்பங்கள் காத்துக்கிடந்ததும் உண்டு. ஆனால் அது நேராகப் பராமரிப்பவர் கணக்கில் விழுகிறது. நம் ஊரிலும் படுக்கை சேராத சிகிச்சைக்குப் பணம் தரவே முடியாது என்றில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ரூ.1 லட்சம் வரை, புறநோயாளி மருந்து, தெரபி, ஏன் போக்குவரத்துச் செலவு வரைக்கும் கொடுக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நாலு வகைக்கு மட்டும். பக்கவாதம் அதில் இல்லை. வடிவம் கையில் இருக்கிறது, யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் 'முழுச் சார்பு' என்று எழுதினால், அதையே ஆதாரமாக வைத்து முதல் ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பராமரிப்புத் தொகை. சான்றிதழ் அதன்பிறகு வரட்டும், தேறிவிட்டால் நிறுத்திக்கொள்ளட்டும். காற்றுப்படுக்கை, நடைச்சட்டம், கழிப்பிட நாற்காலி மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரவல் கொடுத்து வாங்கலாம், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டு. வெட்டி எடுத்த அந்த ஒரு புண்ணுக்கு ஆன இரண்டு வாரக் கட்டில் செலவில் எத்தனை படுக்கை வாங்கியிருக்கலாம்? காப்பீட்டுக்கும் சமூக நலத்துக்கும் தனித்தனிப் பெட்டி என்பதால் இந்தக் கேள்வியை எந்தப் பெட்டிக்காரரும் போட்டுக்கொள்வதில்லை. அப்புறம் ஆள். தெருவுக்கு ஒரு சுயஉதவிக் குழுப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, பகலில் நாலு மணி நேரம் இப்படிப்பட்ட வீட்டில் இருக்கச் செய்தால், மருமகள் அரை நாள் கொட்டகைக்குப் போய்வருவார். தன்னார்வலரின் தலையிலேயே இதையும் ஊக்கத்தொகைக்குள் கட்டிவிடக் கூடாது, அது நடக்கும் என்றுதான் எனக்குப் பயம்.

இப்போதைய நிலவரம். புண் ஆறிவிட்டது. அம்மா சுவரில் சாய்ந்து உட்காருகிறார், இடது கையால் தானே சாப்பிடுகிறார், 'நூறு'வோடு 'வா' என்றும் ஒரு சொல் சேர்ந்திருக்கிறது. பராமரிப்புத் தொகை மாதாமாதம் கணக்கில் விழுகிறது. உதவியாளருக்கான ரூ.1,000க்கு உயர் ஆதரவுத் தேவை என்ற மதிப்பீடு வேண்டும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது, மதிப்பீட்டுக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருக்கிறோம். அடுத்த தடைக்காலத்தில் தேதி கிடைத்தால் தூக்குவதற்கு மகனாவது வீட்டில் இருப்பார்.